பெஞ்சுக்குப் பக்கத்திலேயே உதவி: கவனக்குறைபாடுள்ள மாணவரும் கேரள எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளும்

கேரளத்தில் ஆனைக்கரை என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கோரத்தில், பாரதப்புழையை ஒட்டிய திருத்தாலைப் பகுதியில். அந்த மாவட்டத்தின் ஆசிரியர் பயிற்சி நிறுவனமான ‘டயட்’ செயல்படுவது அங்கேதான். இன்னொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து வண்டன்மேட்டுக்குப் போகும் வழியில், கம்பம் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும் ஏலமலையில். கம்பம், போடிப் பக்கமிருந்து விடிகாலையில் ஜீப் ஏறி வரும் தமிழ்த் தொழிலாளர்களின் உழைப்பில் நிற்கும் மலை அது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை தொடங்கி மறையூர், மூணாறு, பீர்மேடு வரை இவ்விரு மாவட்டங்களின் எல்லையோரங்களில் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்வழியிலும் மலையாளவழியிலும் ஆங்கிலவழியிலும் படித்து வருகிறார்கள்.

இவர்களில் சிலருக்கு, ‘ஏடிஎச்டி’ என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை பள்ளியில் தேறி வர எது உண்மையில் உதவுகிறது? பெருநகரச் சிகிச்சை மையங்கள் தொலைவில் இருக்கும் இந்த வட்டாரத்தில் அதில் எவ்வளவு செய்ய முடியும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆய்வுகள் தரும் விடைகளைச் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவற்றைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுதிப்படுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கான உதவி, அவர்கள் வேலை செய்யும் இடத்தில், வேலை செய்யும் நேரத்தில் கிடைத்தால்தான் பலிக்கும். எனவே தொலைவில் இருக்கும் நிபுணரைக் காட்டிலும் பக்கத்தில் இருக்கும் ஆசிரியரால் செய்யக்கூடியது அதிகம்.

குறைபாட்டின் தன்மை

ஒரே இடத்தில் உட்கார முடியாமலும், செய்யும் வேலையில் மனம் நிலைக்காமலும் தவிக்கும் பிள்ளைகளைப் பற்றி ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798லேயே எழுதினார். 1902இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் ஜார்ஜ் ஸ்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் இதை மருத்துவ விவாதத்துக்குக் கொண்டுவந்தன. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ‘கவனக்குறைபாடு’ என்ற பெயர் 1980இல் இடம்பெற்றது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். அல்லது துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்த ஒன்பதில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பிள்ளையின் அன்றாட வாழ்வை அவை பாதிக்கவும் வேண்டும்.

இது வளர்ப்பில் வந்த கோளாறு என்றே இன்றும் பலர் நம்புகிறார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று தாயைத்தான் முதலில் பழிக்கிறார்கள். ஆனால், இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதில் மரபுக்கூறின் பங்கு மிகப் பெரிது என்று காட்டியிருக்கின்றன. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் பிலிப் ஷாவும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வின்படி, மூளைப் புறணியின் தடிப்பு மற்றப் பிள்ளைகளிடம் ஏறத்தாழ ஏழரை வயதில் உச்சம் தொடுகிறது. இந்தக் குறைபாடு உள்ளவர்களிடம் அது பத்தரை வயதில் நிகழ்கிறது. வளரும் வரிசை ஒன்றுதான், வேகம்தான் குறைவு. தன்னைக் கட்டுப்படுத்துவதற்கும் திட்டமிடுவதற்கும் உரிய முன்பகுதியில் இந்தத் தாமதம் தெளிவாகத் தெரிந்தது.

அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லே பல ஆண்டுகளாக வலியுறுத்தி வரும் கருத்து ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும். என்ன செய்ய வேண்டும் என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செயலாக்குவதுதான் அவர்களால் முடிவதில்லை என்கிறார் அவர். அதனால்தான் “எத்தனை தடவை சொன்னேன்!” என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இருப்பதில்லை. திங்கட்கிழமை சொன்ன அறிவுரை செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பில் தானாக எழுந்து வந்து உதவாது. அந்தக் கணக்கு வகுப்பிலேயே, நோட்டுக்குப் பக்கத்திலேயே நினைவூட்டல் இருக்க வேண்டும்.

யார் கண்ணில் படுகிறார்கள், யார் தப்பிவிடுகிறார்கள்

2007இல் வெளியான உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று, இந்தக் குறைபாடு பிள்ளைகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் இருப்பதாக மதிப்பிட்டது. வாளையாறு தாண்டினால் வரும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் 6 முதல் 11 வயதுவரையான 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு 11.32 சதவீதம் என்று சொன்னது. கருவியும் அளவுகோலும் மாறினால் எண்ணும் மாறும். குறைந்த மதிப்பீட்டையே எடுத்துக்கொண்டாலும், நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பிள்ளைகள் என்று ஆகிறது. இவர்களை என்றும் சந்திக்காத ஆசிரியர் என்று எவரும் இருக்க முடியாது.

கண்ணில் படுபவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். பெஞ்சில் ஏறுவார்கள், பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்குவார்கள், கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துவார்கள். கவனம் மட்டும் நழுவுகிற பெண் பிள்ளை அமைதியாக உட்கார்ந்திருப்பாள். யாருக்கும் தொல்லை தரமாட்டாள். “நல்ல பிள்ளைதான், படிப்புத்தான் ஏறலை” என்று சொல்லிச் சொல்லியே ஏழாம் வகுப்புவரை வந்துவிடுவாள். அதற்குப் பிறகு அவளைத் தூக்கிவிடுவது கடினம். வாலுத்தனம் செய்யும் பையனைவிட இவளைத்தான் ஆசிரியர் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தவறாக முத்திரை குத்தும் ஆபத்தும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, ஒரே வகுப்பில் வயதில் கடைக்குட்டிகளாக இருந்தவர்களுக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக அதிகம் கண்டறியப்பட்டதைக் காட்டியது. பையன்களில் அது 30 சதவீதம் கூடுதல், பெண்களில் 70 சதவீதம். கேரளத்தில் நெடுங்காலமாக ஐந்து வயதிலேயே முதல் வகுப்பில் சேர்த்து வந்திருக்கிறார்கள். ஐந்தைத் தொட்ட பிள்ளையையும் ஆறை நெருங்கிய பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சின்னவனைத் துறுதுறுப்பு நோயாளி என்பது நியாயமாகாது. பிறந்த தேதியைப் பார்த்த பிறகே எந்த முடிவுக்கும் வர வேண்டும்.

மொழி என்னும் முதல் சோதனை

எல்லையோரத்தில் இதைவிடப் பெரிய குழப்பம் மொழியால் வருகிறது. வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம் அல்லது ஆங்கிலம், தோட்டத்தில் மூன்றும் கலந்த பேச்சு என்ற சூழலில் வளரும் பிள்ளை, டீச்சர் சொல்வது பாதி புரியாமல் ஜன்னலைப் பார்த்தால் அது கவனக்குறைபாடு ஆகாது. இதைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. அதே பிள்ளையிடம் தமிழில் ஒரு கதை சொல்லிப் பார்க்க வேண்டும். தமிழில் மூன்று படிகள் உள்ள ஒரு வேலையைச் சொல்லி, முடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் கடைக்கு அனுப்பினால் என்ன ஆகிறது என்று பாட்டியிடம் கேட்க வேண்டும். தமிழில் கவனம் நிலைத்தால் தேவைப்படுவது மொழி உதவி. தமிழிலும் வீட்டிலும் விளையாட்டிலும் அதே நழுவல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம்.

போகுமுன் வேறு காரணங்களையும் விலக்க வேண்டும். காது மந்தம், பார்வைக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தைக் கெடுக்கும் மூக்கடைப்பு, சில நொடிகள் மட்டும் நினைவு தவறும் ஒருவகை வலிப்பு, வீட்டில் அடிதடி, காலைப் பட்டினி ஆகிய ஒவ்வொன்றும் கவனச் சிதறலாகத் தோன்றக்கூடியவை. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் உள்ள கற்றல் குறைபாடு பலரிடம் இதனோடு சேர்ந்தே வரும். அதைக் கவனிக்காமல் துறுதுறுப்புக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பிள்ளை அமைதியாக உட்கார்ந்தபடியே தோற்கும்.

இந்த நோயறிதலுக்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரும் ஆசிரியரும் தரும் விவரங்களே அடிப்படை. இந்தியச் சூழலுக்கென்று 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்காக ‘இன்க்ளென்’ கருவி உருவாக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கருவியானாலும், கேள்வி தாய்க்குப் புரியும் மொழியில் இருந்தால்தான் விடைக்கு மதிப்பு. ஏலக்காய் பறித்துக் களைத்து வந்த ஒரு தாயிடம் மலையாளப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது மதிப்பீடு ஆகாது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) பள்ளிப் பரிசோதனையில் தேட வேண்டியவையாகப் பட்டியலிட்ட 30 நிலைகளில் இந்தக் குறைபாடும் ஒன்று. எனவே பரிசோதனைக்கு வரும் குழுவிடம் “இந்தப் பிள்ளையைப் பாருங்கள்” என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பள்ளிக்கும் உண்டு.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை

நான்காம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து எட்டுக் கழித்தல் கணக்குகளை எழுதிப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பிள்ளை 503 என்பதை 530 என்று எழுதுகிறான். மூன்றாவது கணக்கின் நடுவில் வெளியே ஜீப் சத்தம் கேட்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பினால் எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. கடன் வாங்கிய பத்தைக் குறிக்க மறந்துவிடுகிறான். மற்றவர்கள் நோட்டை அடுக்கிவிட்டார்கள், இவன் நோட்டில் இரண்டரைக் கணக்கு. “இவனுக்குக் கணக்கு வராது” என்ற முடிவு அங்கே எழுதப்படுகிறது. ஆனால் அவனுக்குக் கழித்தல் தெரியுமா தெரியாதா என்பதை அந்த நோட்டு நமக்குச் சொல்லவே இல்லை.

இதே வேலையை மாற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். அதே கணக்குகளில் நான்கை ஒரு தாளில் எழுதித் தந்தால் பார்த்தெழுதும் சுமை போய்விடும். தாளை மடித்து இரண்டு மட்டும் தெரியும்படி வைக்கலாம். “இப்போ என்ன செய்யணும், நீயே சொல்லு” என்று கேட்டு, அவன் வாயால் சொல்ல வைத்துவிட்டுத் தொடங்கலாம். இரண்டு முடிந்ததும் எழுந்து வந்து டீச்சர் மேசையில் காட்டச் சொல்லலாம். அந்த நடையே அவனுக்கு ஓய்வு, அங்கே கிடைக்கும் சரிக்குறி அடுத்த இரண்டுக்குத் தெம்பு. நான்கு கணக்கும் சரியானால் அவனுக்குக் கழித்தல் தெரியும் என்பது உறுதி. மற்ற நான்கை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆய்வுகளில் பலன் தந்த வகுப்பறை உத்திகள் பெரும்பாலும் இந்த அடிப்படையில் அமைந்தவையே: வேலையைச் சிறு துண்டுகளாக்குவது, ஒரு நேரத்தில் ஒரே கட்டளை கொடுப்பது, செய்தவுடன் பாராட்டுவது, அசைவுக்கு முறையான வாய்ப்பு தருவது, அன்றைய வேலைகளைக் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுவது. இருக்கையும் முக்கியம். ஜன்னலோரமும் கடைசி பெஞ்சும் வேண்டாம், டீச்சரின் கை எட்டும் இடம் வேண்டும். அதைத் தண்டனையாக அறிவிக்கவும் கூடாது. விளையாட்டுப் பீரியடைப் பறிப்பது நாம் செய்யும் மிக மோசமான தவறு. ஓட வேண்டிய பிள்ளையை ஓடவிடாமல் வைத்துவிட்டு அடுத்த பீரியடில் அமைதியை எதிர்பார்க்க முடியாது.

நிறைய ஆய்வு ஆதரவு உள்ள ஒரு கருவி தினசரி அட்டை. மூன்று வரிகள்: சொன்னதும் புத்தகத்தை எடுத்தேன், கொடுத்த வேலையில் பாதியையாவது நேரத்துக்குள் முடித்தேன், கை தூக்கிவிட்டுப் பேசினேன். மூன்று கட்டங்கள்: காலை, இடைவேளைக்குப் பின், மதியம். ஆக ஒன்பது குறிகள். பிள்ளை இப்போது நான்கு வாங்குகிறது என்றால் முதல் வார இலக்கு ஐந்து. ஒன்பதுக்கு ஒன்பது கேட்டால் இரண்டாம் நாளே அட்டை தொலைந்துபோகும். எண்ணத் தெரிந்தால் போதும் என்பதால் படிக்காத பெற்றோரும் இதைப் பார்க்கலாம். இலக்கை எட்டிய அன்று மாலையே பரிசு: கூடுதலாக அரை மணி நேரம் மட்டையும் பந்தும், அல்லது அப்பாவோடு கடைத்தெருவுக்கு ஒரு நடை. மாதக் கடைசியில் சைக்கிள் என்ற வாக்குறுதி இந்தப் பிள்ளைகளிடம் செல்லாது. அவர்களுக்கு மாதக் கடைசி எட்டாத தூரம்.

இவை நமக்கு அந்நியமான முறைகள் அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கித் தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் ஏணிப்படி வரிசையில் தங்கள் அட்டையைத் தாங்களே எழுந்துபோய் எடுத்தார்கள், பாயில் உட்கார்ந்து செய்தார்கள், தங்கள் உயரத்துக்கு அமைத்த கீழ்மட்டக் கரும்பலகையில் எழுதினார்கள். சிறு படிகளும் அசைவும் உடனடி மதிப்பீடும் அதிலேயே இருந்தன. ஆசிரியரின் கண் விலகினால் இந்தப் பிள்ளைகள் அதிலும் தொலைந்துபோவார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அனுபவம் உள்ள தமிழ்நாட்டு ஆசிரியர்களும் எல்லைக்கு இப்பாலுள்ள ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் இரு பக்கமும் பயன்பெறும்.

அடி பற்றி ஒரு சொல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்கிறது. சட்டத்தை விடுங்கள், இந்தப் பிள்ளைகளிடம் அடி பயன்தருவதே இல்லை. செய்யத் தெரியாததற்கோ, வேண்டுமென்றே செய்யாததற்கோ பயம் ஒருவேளை வேலை செய்யலாம். செய்ய முடியாததற்கு விழும் அடி, பள்ளிக்கூடத்தையே வெறுக்க வைக்கும். ஏலத்தோட்ட வட்டாரத்தில் பள்ளியை வெறுத்த பிள்ளைக்கு அடுத்த கதவு கூலி வேலை. அந்தக் கதவைத் திறந்துவிடுகிறவர்களாக நாம் இருக்கக் கூடாது.

வீடும் மருந்தும்

ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சியே வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. பயிற்சி என்றால் பெரிய படிப்பு எதுவுமில்லை. ஒழுங்கான தூக்கம், பையை இரவே அடுக்கி வாசலில் வைப்பது, கட்டளையைக் கத்தாமல் பக்கத்தில் போய்ச் சொல்வது, நல்லது செய்யும்போது பெயர் சொல்லிப் பாராட்டுவது. விடிகாலை ஐந்து மணிக்குத் தாய் தோட்டத்து ஜீப்புக்குக் கிளம்பும் வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் பாட்டியாகவோ மூத்த அக்காவாகவோ இருப்பார். எனவே பள்ளி பேச வேண்டியது அவரிடமும்தான்.

ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மருந்து பெரும் உதவியாக இருக்கக்கூடும். 1937இல் மருத்துவர் சார்லஸ் பிராட்லி அவற்றின் பலனைத் தற்செயலாகக் கண்டதிலிருந்து தூண்டல் மருந்துகள் பயன்பட்டு வருகின்றன. இன்று அதிகம் வழங்கப்படுவது மெத்தில்பெனிடேட். 1999இல் முடிவுகள் வெளியான ‘எம்.டி.ஏ.’ ஆய்வு 579 பிள்ளைகளைப் பதினான்கு மாதம் பின்தொடர்ந்தது. முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாகக் கண்காணித்துத் தந்த மருந்து நடத்தைப் பயிற்சியை முந்தியது. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையிலான வித்தியாசம் மங்கிவிட்டது. தொடர்ந்து கவனிக்காவிட்டால் தொடக்கத்து வெற்றி தங்காது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம்.

பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். அதனால் காலை உணவுக்குப் பிறகு கொடுப்பதும், எடையையும் உயரத்தையும் குறித்து வருவதும் வழக்கம். மதிய உணவில் பாதியைப் பிள்ளை ஒதுக்குகிறது என்றால் அதை முதலில் காண்பவர் பள்ளியில் இருப்பவர்தான்; அந்தச் செய்தி மருத்துவருக்குப் போக வேண்டும். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. தேனிக்கோ கோட்டயத்துக்கோ கோயம்புத்தூருக்கோ போய்வரும் குடும்பத்துக்கு ஒருநாள் கூலியும் போகும். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரும் பெற்றோரும் முடிவு செய்யட்டும், ஆசிரியர் வற்புறுத்தவும் வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். கவனத்தை நிலைநிறுத்த மருந்து உதவும். தவறவிட்ட பாடத்தை ஆசிரியர்தான் கற்பிக்க வேண்டும்.

சட்டத்தின் இடைவெளி

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. கவனக்குறைபாடு தனியாக இல்லை. அமெரிக்காவிலோ சிறப்புக் கல்விச் சட்டத்தின் விதிமுறைகளில் 1999இலேயே இது பெயரோடு சேர்க்கப்பட்டது. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழ்வழியிலும் எழுதலாம். கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் உண்டு. ஆனால் அவை சான்றிதழோடு கட்டப்பட்டவை. கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு வழி கிடைக்கிறது. கவனக்குறைபாடு மட்டும் உள்ள பிள்ளைக்கு வழி குறுகுகிறது. இந்தக் குறைபாட்டைப் பட்டியலில் சேர்க்கக் கோருவது நியாயமான கோரிக்கை. அதுவரை, பத்தாம் வகுப்பில் ஓடாமல் எட்டாம் வகுப்பிலேயே மதிப்பீட்டைத் தொடங்குவது நல்லது.

மூணாறில் சிருஷ்டி அறக்கட்டளையின் ‘டேர்’ பள்ளி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அரிய தொண்டு செய்து வருகிறது. கவனக்குறைபாடு உள்ள பெரும்பாலான பிள்ளைகளுக்கோ தனிப்பள்ளி தேவைப்படாது. அவர்கள் படிக்க வேண்டியது சாதாரண வகுப்பில்தான். சமக்ர சிக்‌ஷா திட்டத்தின் வட்டார வள மையங்களில் உள்ள சிறப்புக் கல்வியாளர்கள் பல பள்ளிகளைச் சுற்றி வர வேண்டியவர்கள். அவர்கள் வராத நாட்களில் பிள்ளையோடு இருப்பவர் வகுப்பாசிரியர்.

இந்த வட்டாரம் செய்யக்கூடியது

ஆனைக்கரையிலும் தொடுபுழையிலும் உள்ள டயட் நிறுவனங்கள், ஆசிரியர் பயிற்சியில் இந்தக் குறைபாட்டை ஒரு சொற்பொழிவோடு முடிக்காமல், கணக்குத் தாளை மாற்றி அமைப்பது, தினசரி அட்டை எழுதுவது போன்ற கைவேலையாகப் பழக்க வேண்டும். அந்தப் பயிற்சி ஏடு தமிழிலும் வர வேண்டும். கேரளப் பாடநூல்கள் தமிழில் வரும்போது இது வருவதில் தடையென்ன? எல்லை வட்டாரங்களில் தமிழ் தெரிந்த சிறப்புக் கல்வியாளரும் பள்ளி ஆற்றுப்படுத்துநரும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு மருத்துவமனையில் பெற்ற குறிப்பு கேரளப் பள்ளி வகுப்பாசிரியரின் கைக்கு வர வேண்டும். அவர் எழுதும் கவனிப்புக் குறிப்பு அந்த மருத்துவரிடம் போக வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை, தாயின் கைப்பையில் ஒரு நோட்டு போதும்.

இவற்றில் சில நடக்க நாளாகும். ஆனால் இருக்கையை மாற்றுவதற்கும், தாளை மடித்துக் கொடுப்பதற்கும், ஒன்பது கட்டங்கள் போட்டு ஓர் அட்டை எழுதுவதற்கும் யார் அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் ஒவ்வொரு வகுப்பாசிரியரும் தன் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருவராவது இருப்பார்கள் என்று எண்ணித் தேடட்டும். ஒருவர் துள்ளிக்கொண்டிருப்பார், இன்னொருவர் சத்தமே இல்லாமல் பின்வரிசையில் இருப்பார். இருவரையும் முன்னால் அழைத்து உட்கார வைப்பதே சிகிச்சையின் முதல் படி.